கடற்காற்றுக்குத் தைத்த கூடாரங்கள்

1. பலூன்

"டேனியல் சார், உங்க டென்ட் பறக்கப் பாக்குது சார்!"

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. போனில் கத்தியவர் விவேக் சார். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் ஒரு மலைவிளிம்பில் ஆறு வட்டக் கூடாரங்கள் போட்டு, விருந்தினர்களைத் தங்க வைக்கிறவர். அந்த ஆறையும் தைத்துக் கொடுத்தவன் நான். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தகரக் கூரை ஷெட்டில், கழுத்தில் இன்ச் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பதற்றம் வந்தால் கைக்கு அகப்பட்டதை அளக்க ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்குப் பேசிக்கொண்டே கட்டிங் மேசையை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் மூன்று அளவு வந்தது. முப்பது வருட அனுபவம்.

"பறக்குதா, பறக்கப் பாக்குதா? கரெக்டா சொல்லுங்க சார்."

"சைடு கேன்வாஸ் பலூன் மாதிரி உப்புது சார். உள்ள ஒரு ஹனிமூன் கப்பிள் இருந்தாங்க. அந்தப் பொண்ணு வெளிய ஓடி வந்து அழுவுது."

"எந்த டென்ட்?"

"ஆறும்! இதுல ஒரு விஷயம் சார், சாயங்காலம் ஆனா எல்லாம் சரியாயிடுது. மழை விட்டு வெயில் வந்ததுலருந்து மூணு நாளா ஸ்டாஃப் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. நான் டவுனுக்குப் போயிட்டு ஆறு மணிக்கு வந்து பாத்தா கல்லு மாதிரி நிக்குது. பொய் சொல்றீங்களாடான்னு அவங்களத் திட்டினேன். இன்னிக்கு நானே கண்ணால பாத்தேன். நீங்களே வந்து பாருங்க. இல்லைன்னா ஆறையும் பிரிச்சு லாரில ஏத்தி அனுப்பிடுவேன்."

"ஷ்யூர் சார். நாளைக்கே வரேன் சார்."

இது என் இரண்டாவது வியாதி. பதற்றத்தில் யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவேன். பிறந்ததிலிருந்து மலை ஏறாதவன், நாளைக்கே மலைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

போனை வைத்ததும் கட்டிங் மாஸ்டர் பாபு கத்தரியைக் கீழே வைத்தார். என்னோடு இருபது வருடமாக இருக்கிறவர். என் இரண்டு வியாதிகளும் அவருக்குத் தெரியும்.

"இன்னாண்ணா, மேசைக்கு ஜாக்கெட் தெக்கப் போறியா? மூணு தபா அளந்துட்ட."

2. குண்டான்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவதால் கொஞ்சம் அடிப்படை சொல்லிவிடுகிறேன். யர்ட் என்பது வட்டக் கூடாரம். மங்கோலியா பக்கம் ஆடு, குதிரை மேய்க்கிறவர்கள் பிரித்து எடுத்துப் போய்த் திரும்பக் கட்டிக்கொள்ளும் வீடு. நம் மலைகளில் அதற்குள் கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் வைத்து கிளாம்பிங் என்று பெயர் சொல்கிறார்கள். சுவருக்குக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மரச்சட்டங்கள். நகைக்கடை வாசலில் இழுத்து மூடும் மடக்கு கேட் இருக்கிறதே, அதே வேலைப்பாடு. மேலே நடுவில் ஒரு வளையம். சுவரிலிருந்து வளையம் வரைக்கும் குடைக்கம்பி மாதிரி கழிகள். உள்ளே லைனிங் துணி, நடுவில் கம்பளி, வெளியே கேன்வாஸ்.

அதற்கு முன்னால் எங்கள் ஷெட்டில் தைத்ததெல்லாம் ஆட்டோ ஹூட், லாரி தார்ப்பாய், கடை வாசல் வெயில்மறைப்பு. முதல் யர்ட் ஆர்டர் கொண்டு வந்தவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பாபு அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கல்யாண வூட்டு இட்லிக் குண்டானைக் கவுத்து வெச்சா மாதிரி கீது?"

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் யர்ட்டுக்குப் பெயர் குண்டான். "பதினெட்டடி குண்டான் ரெண்டு, இருபதடி குண்டான் ஒண்ணு" என்றுதான் போர்டில் எழுதியிருக்கும். ஒருமுறை பூனாவிலிருந்து வந்த ஒரு ரிசார்ட்காரம்மா, அது ஏதோ மங்கோலியச் சொல் என்று நினைத்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு போனார். நான் திருத்தவில்லை.

சுவர்க் கேன்வாஸ் இரண்டு துண்டாக வரும். கதவை ஒட்டி ஓரிடத்தில், ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஒரு முழம் ஏறி மூடும். அதற்கு ஃபிளாப் என்று பெயர். சட்டையில் பொத்தான் பட்டை எப்படி ஒன்றின் மேல் ஒன்று படிகிறதோ அப்படி. எந்தத் துண்டு மேலே, எந்தத் துண்டு அடியில் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3. ட்ரையல்

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். எந்தக் குண்டானும் மலையேறுவதற்கு முன் கோவிலம்பாக்கத்தில் ஒருநாள் நிற்கும். அங்கே பாபுவின் மாமனாருக்கு ஒரு காலி மனை இருக்கிறது. மூன்று பக்கமும் அடுக்குமாடி. காலையில் நிறுத்த ஆரம்பித்தால் மதியம் இரண்டு மணிக்கு முடியும். பிறகு எல்லோரும் நிழலில் உட்கார்ந்து காற்றுக்காகக் காத்திருப்போம்.

மூன்று மணிக்குக் கடற்காற்று வரும். கடற்கரையிலிருந்து கோவிலம்பாக்கம் வந்து சேர்வதற்குள் அதற்கே மூச்சு வாங்கும், ஆனாலும் வரும். மனையின் கேட் தெற்கே இருப்பதால் குண்டானின் கதவும் தெற்கே பார்த்திருக்கும். காற்று கிழக்கிலிருந்து. கிழக்குத் துண்டை மேலே போட்டு மூடினால் காற்றே ஃபிளாப்பை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதல் ட்ரையலிலேயே இதைக் கண்டுபிடித்து எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு தைத்த அத்தனைக்கும் ஃபிளாப் அதே பக்கம்தான்.

காற்றில் அசையாமல் நின்றதும் உள்ளே போய் வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்போம். டீ குடித்தால்தான் ட்ரையல் பாஸ்.

அந்த டீக்கு மெர்சி தவறாமல் வந்துவிடுவாள். மெர்சி என் மனைவி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, தோளில் திருத்த வேண்டிய நோட்டுகளோடு நாலரைக்கு வந்து நிற்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். கதவு வழியாக எதிர் பிளாட்டின் ஏ.சி. பெட்டிகள் வரிசையாகத் தெரியும். நான்காவது மாடியில் யாரோ ஒருவரின் லுங்கி காயும்.

"இது எந்த மலைக்குப் போகுது?" என்று கேட்பாள்.

சொல்வேன். ஏலகிரி என்றோ, ஏற்காடு என்றோ.

"அப்ப இந்த வாசல்ல மலை தெரியும், இல்ல?"

"லுங்கியை எடுத்துட்டா இப்பவே தெரியும்" என்பேன் நான். பாபு சிரிப்பார். மெர்சி சிரிக்கமாட்டாள். நான் எப்போதும் பார்க்கிற அந்த ஏ.சி. பெட்டிகளையே, அவற்றுக்குப் பின்னால் வேறேதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இருபத்தாறு வருடமாக மலைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற திரிசூலம் குன்றுக்கு மேல் எந்த மலையையும் அவள் பார்த்ததில்லை. காரணம் நான்தான். அவளுக்கு விடுமுறை வரும்போதெல்லாம் மலையில் சீசன். மலையில் சீசன் என்றால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஃபிட்டிங்குக்கு ஆட்கள் போவார்கள். நான் ஷெட்டில் உட்கார்ந்து போனில் வழி சொல்வேன். நான் தைத்த குண்டான்கள் நாற்பதுக்கு மேல் மலையேறிவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை.

ஒரு ட்ரையலில்தான் பார்த்தேன். மெர்சி சிவப்பு மை பேனாவை மூடி வைத்துவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்து, கதவோரம் லைனிங் துணியில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினாள். குனிந்து படித்தேன்.

"மெர்சி இந்தக் கூடாரத்தைப் பார்த்தாள். மலையை இன்னும் பார்க்கவில்லை."

"கஸ்டமர் பாத்தா என்னைத்தான் கேப்பான்" என்றேன்.

"பென்சில்தாங்க. நான் போகாட்டியும் என் கையெழுத்தாவது போகட்டுமே."

"வந்தாள்னு எழுதிட்டா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"வரலையே" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குண்டானிலும் அதே வரிதான்; மெர்சி டீச்சர் பென்சிலால்கூடப் பொய் எழுதமாட்டாள்.

4. ஸ்வெட்டர்

விவேக் சாரின் ஆர்டர் வந்தபோது, இந்த முறை கட்டாயம் என்று வாக்குக் கொடுத்தேன். ஃபிட்டிங் அக்டோபரில், காலாண்டு விடுமுறையில். மெர்சி தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கினாள். கடைக்காரர், "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டாராம். இவள் சொன்ன பதில் இரண்டு நிமிடம் நீடித்ததாம். எனக்கு அதை நடித்தே காட்டினாள்.

வளையம் செய்கிற ஆசாரிக்கு டெங்கு வந்தது. ஃபிட்டிங் இரண்டு வாரம் தள்ளிப்போனது. விடுமுறை முடிந்தது. பாபுவும் ஆட்களும் மட்டும் போய் நிறுத்திவிட்டு வந்தார்கள். மெர்சி ஸ்வெட்டரை மடித்து, நடுவில் இரண்டு நாப்தலின் உருண்டை போட்டு பீரோவில் வைத்தாள்.

ஜனவரியில் அந்த போன் வந்த அன்று வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நாளைக்கா? நான் ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வரட்டுமாங்க?"

பீரோ வரைக்கும் போய்விட்டாள். நான் அப்போது சாப்பாட்டுத் தட்டை அளந்துகொண்டிருந்தேன்.

"எதுக்கு? அந்த ஆள் என்னைக் கட்டி வெச்சு அடிக்கப் போறான். அதைப் பாக்கறதுக்கா? இது டூர் இல்ல, மெர்சி. சண்டை. வராதே."

அவள் பீரோவைத் திறக்காமலே சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க" என்றாள்.

நான் செய்த தப்புகளில் ஃபிளாப்பை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

5. கல்லு மாதிரி

மறுநாள் காலை தாம்பரத்தில் ரயிலேறினேன். கொடை ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து, பிறகு ஜீப் மாறி, மேலே போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர் ஜெபிக்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார். ஜெபமும் இருந்தது.

ஆறு குண்டான்களும் பனிக்குள் வரிசையாக நின்றன. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஃபிளாப்கள் உடம்போடு ஒட்டின சட்டை மாதிரி அமுங்கிக் கிடந்தன. நூலிழை பிரிந்திருக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் எனக்கு வாயும் வந்துவிடும்.

"என்ன சார், இதுக்கா அவ்ளோ தூரத்துலருந்து கூப்பிட்டீங்க? கல்லு மாதிரி நிக்குதே! மலைன்னா காத்து அடிக்கத்தான் சார் செய்யும். வேணும்னா காத்தைக் கொஞ்சம் கொறைச்சு அடிக்கச் சொல்றேன்."

விவேக் சார் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூணாம் நம்பர் காலியா இருக்கு. அதுல தூங்குங்க. காலைல பத்தரைக்கு மேல பேசுவோம்" என்றார்.

மலைன்னா காத்து அடிக்கத்தான் செய்யும். இதே பதிலை அதற்கு முன்பு நான்கைந்து கஸ்டமர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய முகாம்களெல்லாம் மரங்களுக்கு நடுவே இருந்தன. காற்று கொஞ்சமாக நுழைந்தது, அவர்களும் நம்பிவிட்டார்கள். திறந்த விளிம்பில் நின்றது இந்த முகாம்தான்.

6. மூன்றாவது பீரியட்

காலையில் வெயில் நன்றாக ஏறியது. மூன்றாம் நம்பருக்குள் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை. ஒன்றுமில்லை. பத்தே முக்காலுக்குக் கேன்வாஸ் ஒரு மூச்சு விட்டது. பிறகு இன்னொன்று. பதினொரு மணிக்கு முழுச் சுவரும் உப்பி, ஃபிளாப் பட்பட்டென்று அடிக்க, உள்ளே லைனிங் துணி கொக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் தலையில் விழுந்தது. முப்பது வருடமாகத் துணியைச் சுருட்டியவனை அன்றைக்குத் துணி சுருட்டியது.

வெளியே விவேக் சாரின் குரல்: "இப்ப சொல்லுங்க சார், கல்லு மாதிரி இருக்கா?"

கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவழ்ந்தேன். கதவுச் சட்டம் கையில் தட்டுப்பட்டது. அதை ஒட்டி, லைனிங்கின் கீழ் ஓரத்தில், தரையில் உட்கார்ந்து எழுதின உயரத்தில், பென்சில் எழுத்து.

"மெர்சி இந்தக் கூடாரத்தைப் பார்த்தாள். மலையை இன்னும் பார்க்கவில்லை."

துணிக்குள் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"என்னங்க, இந்த பீரியட் எனக்கு ஃப்ரீன்னு தெரிஞ்சா கூப்பிட்டீங்க?"

"மெர்சி, போச்சு. எல்லாம் போச்சு. ஆறையும் திருப்பி அனுப்பப் போறான். நாற்பதும் திரும்பி வரும். நான் ஷெட்டை மூடிட்டு—"

"முதல்ல உக்காருங்க. இப்ப என்ன அளந்துட்டு இருக்கீங்க?"

"என் பாதத்தை."

"எவ்ளோ?"

"பத்தரை இன்ச்."

"நேத்தும் அதேதான் இருந்திருக்கும். விடுங்க. காத்து எந்தப் பக்கத்துலருந்து வருது?"

"எல்லாப் பக்கத்துலருந்தும்."

"அப்படி ஒரு காத்து கிடையாதுங்க. வெளிய போய் கர்ச்சீப்பைத் தூக்கிப் பிடிச்சுட்டுச் சொல்லுங்க."

போனேன். பிடித்தேன். எட்டாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றேன். விவேக் சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மேற்குப் பக்கம் பள்ளம் இருக்கு. அதுலருந்து மேல ஏறி வருது."

"சாயங்காலம்?"

திருதிருவென்று விழித்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. விவேக் சாரே பதில் சொன்னார்: "சாயங்காலம் அப்படியே உல்ட்டா மேடம். மேலருந்து கீழ இறங்கும்."

"அதானே" என்றாள் மெர்சி. வகுப்பில் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "பகல்ல மலைச்சரிவு சூடாகும். அங்க இருக்கற காத்து மேல போகும், அந்த எடத்துக்குப் பள்ளத்துலருந்து காத்து ஏறி வரும். அது பள்ளத்தாக்குக் காத்து. பொழுது சாஞ்சா சரிவு குளிர்ந்துடும். குளிர்ந்த காத்து கீழ இறங்கும். அது மலைக்காத்து. ஒரே நாள்ல ரெண்டு பக்கம். கடல்காத்து நடத்தற அன்னிக்கே இதையும் நடத்திடுவேன். நீங்க உங்க ஃபிளாப்பை எந்தக் காத்துக்குத் தெச்சீங்க?"

நான் ஃபிளாப்பைப் பார்த்தேன். இங்கேயும் கதவு தெற்கே, கிழக்குத் துண்டு மேலே. வாய் மேற்கே திறந்திருந்தது, பள்ளத்தைப் பார்த்து, வா வா என்று.

"கோவிலம்பாக்கம் காத்துக்கு" என்றேன்.

விவேக் சார் முதல்முறையாகச் சிரித்தார். போனில் மெர்சியும் சிரித்தாள். நாற்பது குண்டான்களை நாலு மலைக்கு அனுப்பியிருக்கிறேன்; ஒவ்வொன்றும் மூன்று மணிக் கடற்காற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. முந்நூறு மைல் தள்ளி நின்றாலும் நான் தைத்த துணி கோவிலம்பாக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"என்னங்க."

"சொல்லு."

"ஸ்பீக்கரை எடுத்துடுங்க. போனைக் கொஞ்ச நேரம் அந்தக் காத்துல பிடிங்க."

விளிம்பில் போய் நின்று கையை நீட்டிப் பிடித்தேன். கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். எதிர்ப்பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரியாது. ஸ்டாஃப் ரூமில் நோட்டுகளுக்கு நடுவே, காதில் போனை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியிருப்பாள். வெகுநேரம் கழித்து மெல்லிய குரல் கேட்டது. போனைக் காதுக்குக் கொண்டுவந்தேன்.

"இருபத்தாறு வருஷமா போர்டுல அம்புக்குறி போட்டுட்டு இருக்கேங்க. அதுக்கு இப்படி ஒரு சத்தம் இருக்கும்னு தெரியாது."

கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். 

"பெல் அடிச்சிடுச்சு. எட்டாவது பி. வெக்கறேன்" என்றாள்.

7. முதுகு

வழி தெரிந்துவிட்டால் வேலை சுலபம். ஃபிளாப்பைத் திருப்பிப் போட்டுப் பயனில்லை. பகலுக்கு மூடினால் சாயங்காலத்துக்குத் திறந்துகொள்ளும். இணைப்பின் மேல் ஒரு முழ அகலத்துக்குத் தனிப் பட்டை போட்டு, அதன் இரண்டு ஓரத்திலும் ஐலெட், அதாவது ஓட்டைக்கு உலோக வளையம், அடித்துக் கயிறு கோத்துக் கட்டிவிட வேண்டும். எந்தப் பக்கக் காற்றுக்கும் வாய் கிடைக்காது. லோடோடு அனுப்பியிருந்த ஸ்பேர் கேன்வாஸ் போதுமானதாக இருந்தது. மெஷின் இல்லை. கோணி ஊசியால் கையில் தைத்தேன். ஆறு குண்டானுக்கு இரண்டு நாள்.

இணைப்புக்கு மேற்கே, அதைப் பார்த்து உட்கார்ந்து தைத்தால் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. முதல் நாள் மதியம் விவேக் சார் டீ கொண்டுவந்து வைத்தார். கோபம் இறங்கியிருந்தது.

"டேனியல் சார், வ்யூ அந்தப் பக்கம்."

"தெரியும் சார். அதான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்."

"புரியல."

"வீட்டுல ஒருத்தங்க இன்னும் பாக்கல சார். நான் முன்னாடி பாத்துட்டுப் போய் நின்னா மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

கர்ச்சீப் பிடித்தபோதும் போன் பிடித்தபோதும் கொஞ்சம் கண்ணில் பட்டதுதான். ஏதோ பச்சையாக, ஏதோ நீலமாக. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளும் மலைக்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தேன். சாயங்காலம் வெயில் சாய்ந்தபோது, விருந்தினர்களெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று 'வாவ்' என்றார்கள். நான் ஐலெட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நம்பரில் லைனிங்கைத் திரும்ப மாட்டும்போது பென்சில் எழுத்து கசங்கியிருந்தது. விவேக் சார் குனிந்து படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இவங்கதான் போன்ல பேசினவங்களா?"

"அவங்களேதான்."

"சார், ஏப்ரல் கடைசில, எக்ஸாம் முடிஞ்சு சீசன் சூடு பிடிக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு நாள் இந்த டென்ட்டை பிளாக் பண்றேன். இந்த எழுத்தை அழிக்காதீங்க. அவங்களே வந்து திருத்தட்டும்."

"ஷ்யூர் சார்" என்றேன். அந்த ஒரு தடவைதான் யோசித்துச் சொன்னது.

8. படிவத்தில் முதல் வரி

ஊருக்கு வந்ததும் பாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப இத்தினி வருஷமா அந்த மலைக்காரன்லாம் நம்ம காத்துக்காக வெயிட் பண்ணிகினு இருந்தானா? நம்ம காத்தே நமக்குப் பத்தல அண்ணா!"

பழைய கஸ்டமர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, நானாகவே பட்டை தைத்து அனுப்பினேன். "மலைன்னா காத்து அடிக்கத்தான் செய்யும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அப்ப எனக்கு எட்டாங்கிளாஸ் முடியல சார்" என்றேன்.

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். உயரம், அகலம், விட்டம் எல்லாம் பிறகு. எங்கள் அளவுப் படிவத்தில் இப்போது முதல் வரி, மெர்சியின் கையெழுத்தில் அச்சடித்தது: "காற்று காலையில் எந்தப் பக்கம்? மாலையில் எந்தப் பக்கம்?" நீங்கள் நிற்கிற இடத்தின் காற்றை வைத்து இன்னொருவர் ஊருக்குத் தைக்காதீர்கள். தெரியாததைக் கேட்க ஐந்நூறு கிலோமீட்டர் போவதற்கு முன், எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரயில் நாளைக்குக் காலை. இன்று மதியம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பை நேற்றே தயார். ஏப்ரல் மாதத்துச் சிட்லபாக்கத்தில், ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, மெர்சி அளவு பார்க்கிறேன் என்று அந்த மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. கழற்றவில்லை. கூடமெல்லாம் நாப்தலின் வாசனை. அப்போது என் போன் அடித்தது. ஏலகிரியில் போன மாதம் நிறுத்தின முகாமிலிருந்து. மூன்று மணிக்கு அவர்கள் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது. என் கை தானாகவே டேப்பை எடுத்துவிட்டது. வாய் "ஷ்யூர் சார்" சொல்வதற்குத் தயாராகிவிட்டது. எனக்குத் தெரியும், மெர்சிக்கும் தெரியும், அந்த போனை நான் எடுத்தால் நாளைக்கு ரயில் கிடையாது.

அவள் எடுத்தாள்.

"ஹலோ... அவர் மனைவி பேசறேன்... அப்படியா? தண்ணி இறங்குதா? காத்து எந்தப் பக்கங்க? காலைல?... சாயங்காலம்?... சரி, எழுதிக்கிட்டேன். திங்கட்கிழமை பாபு மாஸ்டர் வந்து பாப்பார்... இல்லீங்க. அவர் கிட்ட இப்பப் பேச முடியாது."

 என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் சரியாக இருபத்தெட்டு இன்ச். டேப் என் கையில் இருந்தது.

"அவர் மலையில இருக்கார். அங்க டவர் கிடைக்காது."

போனை வைத்துவிட்டு, என் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். ஜன்னல் திரை மெதுவாக உள்ளே அசைந்தது. மெர்சி அதைப் பார்த்தாள்.

"இது கடல்காத்து" என்றாள். "இதுக்கு வேணாம்."

ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, எடுத்த உடனே கிடைக்கிற மாதிரி பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அதன் மேல் ஒரு ரப்பரும், சீவின பென்சிலும்.